மடியில் வந்த கல்

பிரிக்பீல்ட்ஸ்
3 மார்ச் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

மாதவி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கோயிலில் நீங்கள் படியேறாமல் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போனதாக இராஜம்மா அக்கா சொன்னார். எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது கிளினிக்குக்கு வேலைக்குப் போகிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

கையால் கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. என்ன செய்வது, நீங்கள்தான் கைப்பேசியை அணைத்து அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டீர்களே. உங்கள் தம்பி போன செய்தி அதில்தான் முதலில் வந்தது. அவசரத்துக்கு என்று அவர் கொடுத்திருந்த பெயர் உங்களுடையது, அதனால் அவர் வேலை செய்த கிடங்கிலிருந்து உங்களைத்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு யாரையுமே கூப்பிடவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை.

எழுதக் காரணம் அவருடைய கடல்மீன் தொட்டி. பதினாறாம் நாள் காரியத்தோடு நீங்கள் இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை, அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. தொட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உப்பை அளந்து கரைத்து ஊற்றக் கற்றுக்கொண்டேன். இரண்டு கோமாளி மீன்கள் இருந்தனவே, சின்னது அவர் போன அதே வாரம் செத்துப்போனது. பெரியவள் மட்டும் இருக்கிறாள். மேல் மூலையில் பம்பு ஓரமாகவே நின்றுகொண்டு, கீழே இறங்க மாட்டேன் என்கிறாள். அவளுக்குத் துணையாக ஒரு மீன் வாங்கிப் போடலாம் என்று இருக்கிறேன்.

இன்னொன்று. உங்களிடம் சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது என்பதால் சொல்கிறேன். கிளினிக்குக்குக் கீழே மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கமலநாதன் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். மனைவியை இழந்தவர், அமைதியான மனிதர். எனக்கும் விருப்பம்தான். ஆனால் எனக்குத் தாலி கட்டிய உங்கள் தம்பியின் தொட்டிக்கு முன்னால் நின்று சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எனக்குள் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். இந்தத் தொட்டிக்குப் புதிதாக ஒரு மீன் வந்து ஒரு மாதம் நிம்மதியாக இருந்தால் சரி என்பேன். இல்லாவிட்டால் இல்லை. கோயிலில் பூ வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். பூ விற்கிறவரே நீங்கள், அந்தப் பூவை நான் எப்படி நம்புவது?

என்ன மீன் போடலாம், சொல்லுங்கள். அவர் உங்களிடம்தான் மீன் கதையெல்லாம் பேசுவார்.

உங்கள்
மாதவி


கிள்ளான்
14 மார்ச் 2024

மாதவிக்கு,

தங்கமணி எழுதுவது. முழங்கால் இருக்கிறது, அதுவே பெரிது. காய்ச்சலுக்குப் பிறகு நாக்கு கசக்கும், ரசம் வைத்துச் சாப்பிடு. வெளியில் வாங்கித் தின்னாதே.

மீன் கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது மல்லிகையும் சம்பங்கியும்தான். ஆனால் தம்பி வாரம் தவறாமல் கடைக்கு வந்து, பூக்கட்டும் பலகையில் உட்கார்ந்து காதில் ஊதுவான். அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. நீல டாம்சல் வாங்காதே. பார்க்கச் சின்னதாக அழகாக இருக்கும், வந்த மறுநாளே தொட்டி தன்னுடையது என்று பெரியவளை விரட்டும். டேங் என்று தட்டையாக ஒன்று விற்பார்கள், அது வளர்ந்தால் உன் இரண்டடித் தொட்டியில் திரும்ப இடம் இருக்காது. இன்னொரு கோமாளியும் வேண்டாம். இத்தனை மாதம் தனியாக ராஜ்ஜியம் நடத்தியவள், கடித்தே கொன்றாலும் கொன்றுவிடுவாள். சாதுவாக, சின்னதாக, இடத்துக்குச் சண்டை போடாததாகப் பார். வாங்கியதும் அப்படியே கொட்டிவிடாதே. பையோடு மிதக்க விட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் ஊற்று. புதுத் தண்ணீருக்கு அது பழக வேண்டும் என்பான்.

போவதற்கு முந்தின ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போர்ட் கிள்ளானுக்குப் போனான். யாரோ தொட்டியைக் கலைக்கிறார்களாம், கடல் கல் ஒன்றைச் சும்மா கொடுக்கிறார்களாம். இரண்டு திமில் வைத்த கல். ஈரத் தாளில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டான். வழியெல்லாம் என் புடவையில் உப்புத் தண்ணீர். அந்தப் புடவையை நான் இன்னும் துவைக்கவில்லை.

அந்தக் கல் தொட்டியில்தானே இருக்கிறது? அதை எடுக்காதே. அப்படியே இருக்கட்டும்.

கமலநாதன் என்று எழுதியிருந்தாய். எந்த ஊர்க்காரர்?

தங்கமணி


பிரிக்பீல்ட்ஸ்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

சித்திரைப் புத்தாண்டுக்கு இராஜம்மா அக்காவிடம் கொடுத்தனுப்பிய பூ வாடாமல் வந்து சேர்ந்தது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான்.

கமலநாதனுக்குச் சொந்த ஊர் ரவாங். அப்பா ரயில்வேயில் இருந்தவர்.

செந்தூலில் கடல்மீன் கடை வைத்திருக்கும் குகன் என்பவரிடம் போனேன். நீங்கள் சொன்னதையே அவரும் சொன்னார். கடைசியில் ஃபயர்ஃபிஷ் என்று ஒன்றைக் கொடுத்தார். விரல் நீளம், முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு. பயந்த சுபாவம், கல்லிடுக்கில் புகுந்து தூங்கும், பெரியவளைத் தொந்தரவு செய்யாது. தொட்டி திறந்திருந்தால் மட்டும் வெளியே பாய்ந்துவிடுமாம். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைத்தேன். சில நாள் நன்றாக இருந்தது, கையால் போட்டதைச் சாப்பிட்டது. பிறகு ஒரு காலையில் காணோம். சோபாவைத் தள்ளிக்கூடத் தேடினேன், காய்ந்த மீனாகவாவது கிடைக்க வேண்டுமே, கிடைக்கவில்லை. குகனிடம் சொன்னால், "மூடியில எங்கயாச்சும் கேப் இருந்திருக்கும்கா, அது சும்மா இருக்காது லா" என்றார்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். தொட்டி விளக்கு சாயங்காலம் தானாக அணைந்துவிடும். நான் சாமி விளக்கு ஏற்றுவதும் அந்த நேரம்தான். தொட்டி இருட்டிய சற்று நேரத்தில் அதற்குள்ளிருந்து சத்தம் வருகிறது. டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டொக். யாரோ கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். கிட்டே போனால் நின்றுவிடுகிறது. பம்பைக் கழற்றிப் பார்த்தேன், பம்பு இல்லை. மீனோடு சேர்த்து வாங்கித் தொட்டியில் விட்டிருந்த நத்தைகளின் ஓடுகள் உடைந்து கிடக்கின்றன.

உங்கள் தம்பி மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டித்தானே மீன்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணி.

உங்கள்
மாதவி


கிள்ளான்
30 ஏப்ரல் 2024

மாதவிக்கு,

எண்ணெய் தேய்க்கிறேன், பலன்தான் இல்லை. நீ பயத்தில் சாப்பிடாமல் கிடக்காதே. வெறும் வயிறு இன்னும் பயத்தைக் கூட்டும்.

தம்பி சின்ன வயதிலிருந்தே தட்டுகிறவன். எங்கள் அம்மா சீக்கிரம் போய்விட்டார், நான்தான் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தேன் என்பது உனக்குத் தெரியும். அடுப்பில் நான் தாமதம் செய்தால் பேச மாட்டான், அழ மாட்டான். சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரலால் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு. வளர்ந்து மீசை வைத்த பிறகும் என் பூக்கட்டும் பலகையில் அதே தட்டுதான். கட்டி முடித்துவிட்டு வா, டீ குடிக்கப் போகலாம் என்று அர்த்தம்.

நீ எழுதியிருப்பது அவன் சத்தம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. அவன் வீட்டில் அவன் இருக்கிறான். புதிதாக ஒன்று உள்ளே வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு மீன் வாங்கிப் பார்ப்பதானால் பார், உன் இஷ்டம்.

சத்தம் தினமும் வருகிறதா? இரண்டு தட்டா, மூன்று தட்டா? மெதுவாகவா, வேகமாகவா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது. எதையும் விட்டுவிடாதே.

தங்கமணி


பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்குப் பக்கத்தில் இருந்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்க ஆளில்லையே என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதாகக் கிளினிக்கில் டாக்டரே பார்த்துச் சொல்லிவிட்டார்.

இரண்டாவது மீனும் போய்விட்டது. இந்த முறை கோபி என்ற மீன். மணலோடு மணலாக ஒட்டிக்கொண்டு கிடக்கும், பாய்கிற வழக்கமே கிடையாது. அந்த இரண்டு திமில் கல்லுக்கு அடியில் குழி தோண்டிக் குடியிருந்தது. கொஞ்ச நாளில் வால் மட்டும் மணலில் கிடந்தது. பெரியவள் அப்படியே மேல் மூலையில் நிற்கிறாள். அவளை மட்டும் எதுவும் தொடுவதில்லை. அவள் அவர் வாங்கியவள்.

சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அநேகமாகத் தினமும் வருகிறது. சில நாள் இரண்டு தட்டு, சில நாள் விடாமல் தட்டுகிறது. இப்போதெல்லாம் குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டால் என்ன செய்வது?

கமலநாதன் ஒரு நாள் கடையடைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுவார் என்று நினைத்தேன். பேச்சு வளர்ந்துவிட்டது. தொட்டி விளக்கு அணைந்தது. அவர் டீயை வாயில் வைக்கப் போனார், தட்டியது. கோப்பையைக் கீழே வைத்தார். மறுபடியும் தட்டியது. அவர் எழுந்து, சுவரில் இருக்கும் உங்கள் தம்பி படத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு கடையில் என்னைப் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்
மாதவி


கிள்ளான்
20 ஜூன் 2024

மாதவிக்கு,

அழுத்த மாத்திரையை விடாமல் போடு. கருவாடு, ஊறுகாய் பக்கம் போகாதே. என்னைப் பற்றி என்ன எழுத, ஆனி மாதத்துக் கல்யாணங்களில் இடுப்பு ஒடிகிறது.

வருஷத் திதி வருகிறது. நல்லபடியாகப் படையல் போடு. அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வை. இறால் சம்பல், ஆட்டுக் குழம்பு, ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர். இலையைத் தொட்டிக்கு முன்னால் போடு, ஹாலில் போட வேண்டாம். காக்கைக்கு வைப்பதைப் போல அந்தத் தொட்டிக்கும் ஒரு வாய் வை. மசாலா பட்டது தண்ணீருக்கு ஆகாது, ஒரு பச்சை இறாலை உரித்து அந்தக் கல் ஓரமாக வை. விளக்கை ஏற்று, தொட்டி விளக்கை அணைத்துவிடு. அவன் எடுத்துக்கொண்டால் அவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள். அப்புறம் மனதில் எதைக் கேட்க வேண்டுமோ கேள்.

நான் வர மாட்டேன். முழங்கால்.

தங்கமணி


பிரிக்பீல்ட்ஸ்
21 ஜூலை 2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முழங்கால் குணமாக வேண்டும் என்றும் அவரிடம் வேண்டிக்கொண்டேன்.

படையல் நீங்கள் சொன்னபடியே போட்டேன். இராஜம்மா அக்கா மட்டும் ஒத்தாசைக்கு வந்து, விளக்கு ஏற்றுவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். இலை போட்டேன். பச்சை இறாலை உரித்துக் கல் ஓரமாக வைத்தேன். தொட்டி விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அவருக்கு வாங்கிய ஸ்டவுட்டின் வாடையும் உப்புத் தண்ணீரின் வாடையும் சேர்ந்தபோது, வேலை முடிந்து அவர் வந்து நிற்பது போலவே இருந்தது. நான் கண்ணை மூடிக் கேட்டேன். "நான் போகட்டுமாங்க?"

தட்டியது. ஒரே ஒரு தட்டு, ஆனால் வீடே கேட்கிற மாதிரி. கண்ணைத் திறந்தால் இறால் இல்லை. பெரியவள் மேல் மூலையை விட்டு அசையவே இல்லை.

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும், அண்ணி? மறுநாளே கமலநாதனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் கீழே போய்க் கடைக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் நின்று அழுதேன். உங்கள் தம்பியை விட்டுப் போக எனக்கு மனமில்லை என்று நினைக்காதீர்கள். மனம் இருந்தது. அதனால்தான் அழுதேன்.

உங்கள்
மாதவி


கிள்ளான்
28 ஜூலை 2024

மாதவிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம்.

நீ எடுத்த முடிவு நல்லது. இறால் வாரம் ஒன்று வை.

தங்கமணி


பிரிக்பீல்ட்ஸ்
25 ஆகஸ்டு 2024

அண்ணிக்கு,

தொட்டியைக் கலைத்துவிடலாம் என்று போன வாரம் குகன் கடைக்குப் போனேன். பெரியவளை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி என் போனில் இருந்த தொட்டிப் படத்தைக் காட்டினேன். அவர் மீனைப் பார்க்கவில்லை. கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தக் கல்ல எனக்குத் தெரியும்கா. போன வருஷம் ஒரு அண்ணே இதே படத்தக் காட்டுனாரு" என்றார். திருச்செல்வமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அவர் என் கணவர் என்பது அதுவரை குகனுக்குத் தெரியாது.

உங்கள் தம்பி குகனிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கல்லுக்குள்ள என்னமோ இருந்துகிட்டுத் தட்டுது பாஸ். கார்ல வரும்போதே எங்க அக்கா மடியில தட்டுச்சாம். அக்காதான் பயந்துபோய்க் காட்டுனாங்க." அது உடாங் லிப்பான் என்ற இறால் வகையாக இருக்கும், இருட்டினால் வெளியே வந்து சுத்தியல் மாதிரிக் கையால் அடித்து ஓடு உடைத்துத் தின்னும், கல்லோடு கொண்டு வாருங்கள் எடுத்துத் தருகிறேன் என்று குகன் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த ஞாயிறு அவருக்கு வரவில்லை.

குகன் வீட்டுக்கு வந்தார். கல்லை வாளியில் வைத்து அதன் ஓட்டைகளில் சோடாத் தண்ணீர் ஊற்றினார். வந்தது. சீனக் கடையில் வறுத்துக் கொடுப்பார்களே, அதே இனம்தான், ஆனால் விரல் அளவு, பச்சை நிறம். கண்கள் இரண்டும் தனித்தனியாகத் திரும்பி என்னைப் பார்த்தன. வாளியை ஒரு தட்டு தட்டியது. இத்தனை மாதம் நான் நடுங்கிய சத்தம் அதுதான். கல்லிடுக்கில் தூங்கிய மீன்களை அது தின்றிருக்கிறது. பெரியவள் மேலேயே தூங்கியதால் தப்பித்தாள். அவளுக்கு இருந்த அறிவு எனக்கு இல்லை.

உங்களுக்குத் தெரியும். தட்டுகிறது என்று நான் எழுதிய முதல் கடிதத்திலேயே தெரியும். பச்சை இறால் வைக்கச் சொன்னபோதும் தெரியும். நான் கதவைத் திறந்து வைத்துக் குளித்தேன் என்று எழுதினேனே, அதைப் படித்துவிட்டும் அந்தத் தொட்டிக்கு ஒரு வாய் வை என்றீர்களே, அது எப்படி முடிந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலம் தொட்டி விளக்கு அணைந்தது. சத்தம் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் தரையில் உட்கார்ந்து, அவர் போன அன்று அழாத அழுகையை அழுதேன்.

அதைக் கொல்ல மனம் வரவில்லை. கல்லோடு வாளியில், காற்றுக் குழாய் போட்டு வைத்திருக்கிறேன். குகன் வந்து எடுத்துக்கொள்வார்.

மாதவி


கிள்ளான்
6 அக்டோபர் 2024

மாதவிக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்காமலும் எழுத வரவில்லை. நலமா?

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இல்லை. எழுதினேன், கிழித்தேன்.

ஆமாம், தெரியும். மடியில் தட்டியது. நான் அலறினேன், அவன் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. உள்ளே இருப்பது என்ன என்று மீன்கடைக்காரர் சொன்னதைப் பிறகு போனில் சொன்னான். நீ தட்டுகிற சத்தத்தைப் பற்றி எழுதியபோது எனக்கு உடாங் லிப்பான் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். முதலில் அதுதான் வந்தது. பிறகு அது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதங்களை விளக்கு வைத்த நேரத்தில் எடுத்துப் படிப்பேன். படித்தால் இங்கேயும் கேட்கும். நீ வேறு வீட்டுக்குப் போய்விட்டால் எனக்கு யார் எழுதுவார்கள்?

மன்னித்துவிடு என்று எழுத வரவில்லை. அதை வேறு ஒரு நாள் கேட்கிறேன்.

அந்த வாளி இன்னும் இருக்கிறதா? குகனிடம் கொடுக்கவில்லையென்றால் எனக்குக் கொடு. நீ வர வேண்டாம், யாரிடமாவது கொடுத்தனுப்பு.

தங்கமணி


பிரிக்பீல்ட்ஸ்
27 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான். அழுத்தம் இறங்கிவிட்டது. தீபாவளிக்குப் பூ கட்டிக் கட்டி உங்கள் விரல் வெடித்திருக்கும், மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொள்ளுங்கள்.

வாளியை வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லாமல் நானே ரயிலில் கொண்டுவந்தேன். மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஷா ஆலம் தாண்டும்போது ஒரு முறை தட்டியது, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் இடம் மாறிவிட்டார். என் உடையெல்லாம் உப்புத் தண்ணீர். உங்கள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. செருப்பு வாசலில் இருந்தது. நான் கூப்பிடவில்லை, நீங்களும் வரவில்லை. வாளியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். உப்பு அளக்கும் முறையை மூடியில் ஒட்டியிருந்தேன், பார்த்திருப்பீர்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். அதோடு வேறு எதையும் விடக் கூடாது. அது தனியாக இருக்கிற ஜீவன்.

இங்கே கார்டினல் என்ற மீன் வந்திருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாக, அவசரமே இல்லாத மீன். பெரியவள் முதல் வாரம் துரத்தினாள். பிறகு அலுத்துவிட்டாள் போலிருக்கிறது. இப்போது இரண்டும் சேர்ந்து தொட்டியின் நடுவில் நிற்கின்றன. பெரியவள் கீழே இறங்கி நான் பார்த்தது இதுதான் முதல் முறை. மாதம் தாண்டிவிட்டது.

கமலநாதனிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "அன்னிக்கு நானும் அவர்தான்னு நெனச்சேன்" என்றார். நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் சின்னதாக வைத்திருக்கிறோம். மாலை எங்கே சொல்வது என்று கேட்டார். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இனி உங்களை நான் எப்படிக் கூப்பிடுவது?

உங்கள்
மாதவி


கிள்ளான்
23 நவம்பர் 2024

மாதவிக்கு,

நாளைக்குக் கல்யாணப் பெண், நேரத்தோடு படுத்துத் தூங்கு. கண் வீங்கினால் படத்தில் தெரியும். என் முழங்காலை நாளை நேரில் பார்த்துக்கொள். இந்தக் கடிதம் தபாலில் வராது, மாலைப் பெட்டிக்குள் வைத்து இன்று இரவே இராஜம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று நான் ஷட்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். உன் கால் தெரிந்தது. பாவாடை ஓரத்தில் ஈரம் சொட்டியது. நீ போன பிறகுதான் ஷட்டரைத் தூக்கினேன்.

அதைக் கண்ணாடித் தொட்டியில் கல்லோடு விட்டு, பூக்கட்டும் பலகைக்கு எதிரே வைத்திருக்கிறேன். இறால் தின்கிறது, கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. ஆனால் தட்டவில்லை. இங்கே வந்ததிலிருந்து ஒரு தட்டு இல்லை. கடையடைத்து விளக்கை அணைத்துவிட்டுத் தினமும் உட்கார்ந்து பார்த்தேன். போகப் போக எனக்கே வெட்கமாகிவிட்டது. அது இறால், மாதவி. தம்பி இல்லை. தம்பி செத்துப்போய்விட்டான். இதை இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் உன் மாலைக்கு உட்கார்ந்தேன். கிள்ளானில் பாதிப் பேருக்குக் கல்யாண மாலை கட்டியவள் நான், ரோஜாவைத் தொட்டதும் கை ஓடவில்லை. அவனுக்கும் உனக்கும் கட்டியதும் இதே கைதான். நாரை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டேன். வேறு கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பலாமா என்றுகூட நினைத்தேன். விளக்குப் போட மறந்து கடையும் இருட்டிவிட்டது.

அப்போது தட்டியது. இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "இருடா, கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நாரை எடுத்தேன்.

மாலையை ஈரத் துணியிலேயே வைத்திரு. காலையில் வருகிறேன்.

உன்
அண்ணி